ராஜினாமாவின் நாலாவது டிராஃப்ட்

1

மே மாதத்தில் ஒருநாள் மதியம் என் மேசைக்கு ஒரு பெட்டி சந்தேஷ், இந்த ஊர்ப் பால் இனிப்பு, வந்தது. ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் பிஷ்வாஸ்பாபு தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். நான் கல்கத்தா வந்து பத்தொன்பது வருடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பதினோரு வருடம். எனக்கென்று யாரும் ஒரு துண்டு இனிப்பு கொண்டுவந்து தந்ததில்லை. அன்று வந்தது. எதற்கு என்கிறீர்களா? வேலையை விட்டுப் போகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு!

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊரில் எல்லோரும் "கோமதிக்கென்ன, புருஷன் ஒரு பக்கம் இவ ஒரு பக்கம்னு ஜாலியா இருக்கா" என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நடந்தது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன்.

2

நான் வேலை பார்ப்பது ரைட்டிங் சென்டரில். இதை ஊரில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். போன தடவை பாளையங்கோட்டைக்கு வந்திருந்தபோது என் அண்ணன் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக் குடுப்பியோ?"

"இல்ல மைனி. அவங்க எழுதிக் கொண்டாருவாங்க. கூட உக்காந்து பாப்போம்."

"தப்பு இருந்தா திருத்துவ."

"திருத்தக் கூடாது."

"பெறகு என்னதாம்ட்டி செய்வ?"

"கேள்வி கேப்பேன்."

"அதுக்குச் சம்பளமா!" என்று மைனி வாயில் கைவைத்தாள்.

ஆமாம், அதற்குத்தான் சம்பளம். மாணவனின் காகிதத்தில் நாங்கள் பேனா வைக்கக் கூடாது என்பது எங்கள் அறையின் முதல் சட்டம். பேனா அவன் கையில்தான் இருக்க வேண்டும். அவன் எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொல்வோம். பிறகு கேட்போம். இதை யார் படிக்கப்போகிறார்கள்? அவர்களுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும்? நீ சொல்ல வந்தது இதுதானா? அவன் யோசிப்பான், அடிப்பான், மறுபடி எழுதுவான். இந்தக் காலத்தில் கைபேசியைத் தட்டினால் கட்டுரை தானாக வந்து விழுகிறது. இருந்தாலும் எங்களிடம் வருகிறார்கள். உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறதே, அதற்காக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி பொல்லாதது. ஒரு பையன் தன் ஆய்வு நெறியாளர் மேல் புகார் எழுத வேண்டும் என்று கொதித்துக்கொண்டு வந்தான். அவர் சரியாக என்ன செய்தார், எப்போது செய்தார், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே போனோம். மூன்று வாரத்தில் அந்தப் புகார் அவனுடைய ஆய்வேட்டின் நன்றியுரையாகிவிட்டது. அவனும் சந்தோஷமாகத்தான் போனான்.

அறையில் நாங்கள் மூன்று பேர். தலைவி ஷர்மிஷ்டாதி. இங்கே அக்காவுக்குத் 'தி'. அடுத்த வருடம் அறுபது, அலிப்பூரில் வீடு, வாழ்க்கையில் ஒருவரையும் அதட்டியிருக்க மாட்டார். இன்னொருவன் அனிர்பான், முப்பது வயது, சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவன், தன் பிஎச்டியை முடிக்காமல் அடுத்தவர் பிஎச்டிக்கெல்லாம் கேள்வி கேட்கிறவன். மூன்றாவது நான், கோமதி. இவர்கள் வாயில் 'கோமோத்திதி'.

எங்களுக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த அறையிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதத்தையும், எழுதியவர் தவிர மற்ற இருவரும் கேட்டுக் கேள்வி கேட்காமல் அனுப்புவதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வதை நாமும் செய்ய வேண்டும் என்பார் ஷர்மிஷ்டாதி. ஏசி ஒழுகுகிறது என்று பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிய கடிதம் மூன்று டிராஃப்ட் போயிற்று. அதற்குள் ஏசியே நின்றுவிட்டது, ஒழுகுவதும் நின்றது.

3

என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலை. எப்படியோ தாக்குப்பிடித்துக் கல்கத்தாவிலேயே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டார். போன வருடம் திருநெல்வேலிக்கே மாற்றல் வந்தது. பத்து தடவை விண்ணப்பித்துக் கிடைக்காதது, விண்ணப்பிப்பதை விட்ட பிறகு வந்தது. மகள் ஆனந்தி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பரீட்சை முடிகிற வரைக்கும் நாங்கள் இருவரும் இங்கே, இவர் அங்கே என்று முடிவு செய்தோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பெஹாலாவில் இரண்டு அறை வீடு பிடித்தோம். ஒரு வருடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் எனக்கு ஒத்துவரவில்லை. காலையில் பிடிசோறு கட்டிக்கொண்டு பஸ், அப்புறம் அந்த அறை, சாயந்தரம் அதே பஸ், அதே இரண்டு அறை. ஆனந்தி கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளுடன் வங்காளத்தில் பேசிச் சிரிப்பாள். நான் எட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். எனக்குத் தமிழ் பேசுவதற்கு என்று இருந்தது கைபேசியில் இவர் குரல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மூச்சு முட்டுவதுபோல இருக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் தொங்கும் துணிதான் தெரியும். போதுமடா சாமி, பரீட்சை முடிந்ததும் ஒருநாள் கூட இருக்கக் கூடாது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறைக்கு ஆள் தேடினார்கள். வீடியோவில் நேர்காணல். பிரின்சிபால் நல்ல மனிதர், தமிழிலேயே கேட்டார், "ஊருக்குத் திரும்பி வந்துர்றது நிச்சயந்தானம்மா?" நான் பெரிதாகத் தலையாட்டி "ஹ்யாங், ஹ்யாங்" என்றேன். இவர்கள் ஊர் 'ஆமாம்' அது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார். ஜூன் மாதம் கல்லூரி திறக்கிற அன்று சேர வேண்டும், கையில் பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் இருக்க வேண்டும் என்றார். எனக்கு இங்கே இரண்டு மாத நோட்டீஸ். மார்ச் முடிவதற்குள் ராஜினாமாவைக் கொடுத்தால் கணக்கு சரி.

ஆனந்தியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. "அங்க எனக்கு யாரு இருக்கா, மா?" என்றாள். "அப்பா இருக்காரு" என்றேன். "அப்பா, அப்புறம்?" என்றாள்.

வேலையை விடுவது எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். விட வேண்டி வந்த அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், நாளைலேருந்து வரல, எனக்குக் கல்யாணம்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லாரு. பீரோ சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார். முடிந்தது கதை. பதினோரு வருடம் எழுத்தோடு புழங்கிய பிறகு இவ்வளவு சுலபமாக எதையும் செய்ய முடிகிறதா என்ன!

4

முதல் டிராஃப்ட்டை நான் பஸ்ஸிலேயே எழுதிவிட்டேன். மூன்று வரி. நான் என் பணியை ராஜினாமா செய்கிறேன், இரண்டு மாத நோட்டீஸை இன்றிலிருந்து எடுத்துக்கொள்ளவும், மே இறுதியில் விடுவிக்கவும். அதை அப்படியே கவரில் போட்டு பிஷ்வாஸ்பாபு கையில் கொடுத்திருந்தால் இன்று இந்தக் குறிப்பும் இல்லை, சந்தேஷும் இல்லை. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! அறைக்குள் போனதும் அவர்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தேன்.

ஷர்மிஷ்டாதிதான் முதலில் கேட்டார். எங்கள் பேச்சு பாதி வங்காளமும் பாதி இங்கிலீஷுமாக இருக்கும். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஷோனோ, கேளு கோமோத்தி, இதை ரெஜிஸ்ட்ரார் படிச்சதும் முதல்ல என்ன கேப்பார்?"

"ஏன் போறேன்னு."

"அதுக்குப் பதில் இதுல இருக்கா?"

இல்லை. எழுதினேன். கணவரின் மாற்றல், ஆளுக்கொரு ஊராகப் பிரிந்திருப்பது, மகளின் படிப்பு. அடுத்த நாள் இரண்டாவது டிராஃப்ட்.

"நீங்க இங்க பதினோரு வருஷமா என்ன செஞ்சீங்கன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டான் அனிர்பான்.

"அவருக்கு எங்க தெரியும்? இந்த மாடிக்கே வந்ததில்ல."

"அப்ப தெரியாமலே போகட்டுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுதினேன். புருலியாவிலிருந்து வந்து இங்கிலீஷ் வகுப்பில் வாய்திறக்காமல் இருந்த பெண் ஒருத்தி, பட்டமளிப்பு விழாவில் மேடையேறிப் பேசியதை எழுதினேன். ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கைபேசியிலேயே மணிக்கணக்கில் கேள்வி கேட்டுக் காது வலித்ததை எழுதினேன். எழுத எழுத நெஞ்சு விம்மியது. எனக்கே தெரியாமல் இவ்வளவு செய்திருக்கிறேனே என்று இருந்தது.

மூன்றாவது டிராஃப்ட்டுக்கு ஷர்மிஷ்டாதி கேட்ட கேள்விதான் என்னை விழுங்கியது. "இதுல உனக்கு எதை விட்டுட்டுப் போறது கஷ்டம்?" ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். மூச்சு முட்டுகிறது, ஓடிப்போனால் போதும் என்றுதானே ஒரு வருடமாக இருந்தேன்? ஆனால் அவர் கேட்டதும் அரைப் பக்கம் எழுதினேன். இந்த அறையில்தான் நான் எனக்குரிய ஆளாக இருக்கிறேன் என்று எழுதினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கடிதம் இப்போது இரண்டு பக்கம். அலுவலகக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்வது. வெட்ட வேண்டும். எதை வெட்டுவது?

"குடும்பச் சூழ்நிலையைச் சொன்னதுலேயே போறீங்கன்னு தெரிஞ்சுடுது. மே மாசம் விடுவிக்கவும்னு கீழ மறுபடி வருது. ரெண்டும் ஒண்ணேதானே?" என்றான் அனிர்பான். ஒன்றேதான் என்று எனக்கும் பட்டது. அடித்தேன். மேலே 'பொருள்: ராஜினாமா' என்றே இருந்ததால், உள்ளே இருந்த ராஜினாமா வரியையும் நோட்டீஸ் வரியையும் சேர்த்து அடித்தேன். "படிக்கிறவர் மனசு முதல் வரியிலேயே மூடிக்காதா?" என்றார் ஷர்மிஷ்டாதி. 'பொருள்: என் பணி தொடர்பாக' என்று மாற்றினேன். கடைசி வரி எப்படி முடிந்தது தெரியுமா? 'இந்தச் சூழ்நிலையைக் கருணையோடு பரிசீலித்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.'

நாலாவது டிராஃப்ட்டை வாசித்து முடித்தபோது ஷர்மிஷ்டாதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனிர்பான் கீழே போய் சிங்காராவும், அதாவது இந்த ஊர்ச் சமோசாவும், டீயும் வாங்கிவந்தான். இந்த அறையிலிருந்து போன கடிதங்களிலேயே இதுதான் அழகு என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். எங்கள் மூவருக்கும் நான் போகிறேன் என்பது முன்பே தெரியும். தெரிந்த காதுக்கு அது பிரிவுக் கடிதமாகத்தான் கேட்டது. தெரியாதவர் படித்தால் என்ன ஆகும் என்று, தினமும் பத்துப் பேரிடம் அதையே கேட்கிற நாங்கள் மூன்று பேரும் கேட்கவில்லை. முதல் நாள் வருகிற மாணவன் செய்கிற தப்பு.

5

ஏப்ரல் முழுக்க பிஷ்வாஸ்பாபுவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஃபைல் மேலே போயிருக்கு மேடம். ஹோயே ஜாபே, ஹோயே ஜாபே." ஆகிவிடும், ஆகிவிடும் என்று அர்த்தம். நானும் அட்டைப்பெட்டிகள் வாங்கி, பாத்திரங்களைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மே மாதத்தில் அந்த மதியம் சந்தேஷ் பெட்டியோடு வந்தவர் உத்தரவையும் கையில் வைத்தார். கணவரைப் பிரிந்து இருந்தும் இந்தப் பல்கலைக்கழகத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் என் அர்ப்பணிப்பைக் கமிட்டி பாராட்டுகிறதாம். என் வேண்டுகோளை ஏற்று ஒப்பந்தத்தில் மூன்று வருடப் பணிநீட்டிப்பும் சம்பள உயர்வும் தருகிறதாம். "ரெஜிஸ்ட்ரார் ஸார் மீட்டிங்ல உங்க லெட்டரை வாசிச்சார் மேடம். எல்லாரும் அப்படியே உருகிட்டாங்க" என்றார் பிஷ்வாஸ்பாபு. வேண்டுகோளாம்! நான் எங்கே ஐயா வேண்டினேன்?

ஓடினேன் ரெஜிஸ்ட்ராரிடம். நான் ராஜினாமா செய்திருந்தேன் ஸார் என்றேன். அவர் கோப்பை எடுத்து என் கடிதத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"எங்கே, காட்டுங்க."

மேலிருந்து கீழ்வரை தேடினேன். ராஜினாமா என்ற சொல் அதில் இல்லை. போகிறேன் என்ற சொல்கூட இல்லை.

"இப்போ புதுசா எழுதிக் கொடுத்தீங்கன்னா, இன்னிலேருந்து ரெண்டு மாசம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செலவைக் குறைக்க அந்த சென்டரையே மூடலாம்னு பேச்சு இருந்துச்சு, மேடம். உங்க லெட்டரை வெச்சுத்தான் நான் அதைக் காப்பாத்தினேன். நீங்களே போனா என்ன சொல்றது?" என்றார்.

இரண்டு மாதம் என்றால் ஜூலை நடுப்பகுதி. பாளையங்கோட்டைப் பிரின்சிபாலுக்குப் போன் செய்தேன். "ஜூன்லயே வகுப்பு தொடங்கிருதும்மா. வேற ஆளப் பாத்துக்கிடுதோம். ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றார். நான் நினைக்காமல் வேறு யார் நினைப்பார்கள்?

அறைக்கு வந்து கத்தினேன். பதினோரு வருடத்தில் அந்த அறையில் யாரும் கத்தியதில்லை. கட்டுரையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"நான் போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களா?"

அனிர்பான் முகம் வெளுத்துவிட்டது. ஷர்மிஷ்டாதிதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ போகக் கூடாதுன்னு நான் நினைச்சது நிஜம். ஆனா சத்தியமா, நான் கேள்விதான் கேட்டேன். ஒரு வார்த்தை நாங்க எழுதினோமா, கோமோத்தி? பேனா உன் கையிலதானே இருந்துச்சு?"

பாவி மனுஷி, பொய் சொல்லத் தெரியாதவர். அவர்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

6

வீட்டுக்கு வந்து ஆனந்தியிடம் சொன்னேன். "ஸோத்தி? மா, ஸோத்தி பொல்ச்சோ?" என்று துள்ளினாள். நிஜமா, நிஜமாகவா சொல்கிறாய் என்று மூன்று தடவை கேட்டாள். கட்டி வைத்திருந்த பெட்டிகளை அவளே பிரித்துப் பாத்திரங்களை அலமாரியில் அடுக்கினாள். அவ்வளவு வேலையை என் மகள் செய்து நான் பார்த்ததில்லை. மறுவாரம் இங்கேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவளைத் திட்டவும் முடியாமல், அவள் சந்தோஷத்தைப் பார்க்கவும் முடியாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

இவருக்குக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். ரெண்டு மட்டம் வாசிச்சேன்."

"நான் போறேன்னுதாங்க எழுதுனேன். அவங்க தப்பா..."

"இல்லட்டி. அந்த ரெஜிஸ்ட்ரார் எடத்துல நான் இருந்து வாசிச்சிருந்தாலும் ஒன்ன அங்கனதான் வச்சிருப்பேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். "ஒனக்கு இங்க வரணும்னு இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு."

இருக்கு என்றேன். சத்தியமாக இருக்கிறது. ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டேன். அந்த ஒரு கணத்தை அவரும் கேட்டிருப்பார். அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. இங்கே இருக்க முடியவில்லை, போகவும் தெரியவில்லை. வேறொருவர் பூட்டியிருந்தால் தட்டித் தட்டிக் கதவைத் திறக்கச் சொல்லலாம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

புதிதாக ராஜினாமா கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்து எங்கே போய் நிற்பது? அந்த வேலை போய்விட்டது. ஆனந்திக்கு இங்கே கட்டணம் கட்டியாகிவிட்டது, அவளைத் தனியாக விட முடியாது. அறையில் இரண்டு பேரின் பிழைப்பு என் பெயரில் நிற்கிறது.

ஒரு வாரம் கழித்து இவரே கூப்பிட்டார். "நீ வர முடியாதுன்னா நான் வாரேன். கல்கத்தாவுக்கே திருப்பி மாத்தச் சொல்லி எனக்கு ஒரு மனு எழுதி அனுப்பு. ஒன் ஆளுக கிட்ட மட்டும் காட்டிராத, தாயி!"

பதினெட்டு வருடம் ஊருக்குப் போக வேண்டும் என்று தவம் கிடந்த மனிதர். கிடைத்த ஊரை எனக்காக விட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். யாருக்கும் காட்டாமல், சமையலறை மேடையிலேயே வைத்து எழுதினேன். மனைவியும் மகளும் கல்கத்தாவில் இருக்கிறார்கள், ஆகவே மாற்றல் வேண்டும். இரண்டே வரி. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜூன், ஜூலை போய் ஆகஸ்டும் பாதி ஆகிவிட்டது. தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. ஆனந்தியின் கூட்டாளிகள் எந்தெந்தப் பந்தலுக்கு எந்தெந்த நாள் போவது என்று இப்போதே பட்டியல் போடுகிறார்கள். அதில் ஒருநாள் அப்பாவையும் கூட்டிப் போக வேண்டும் என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது இவரிடமிருந்து படம் ஒன்று வந்தது. மேலிடத்துப் பதில். 'கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, மூன்றாண்டு முடியும்வரை மீண்டும் விண்ணப்பிக்கலாகாது.' அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. படத்துக்குக் கீழே இவர் எழுதியிருந்தார்:

"எப்படி எழுதிருக்கான்னு பாரு! வாசிச்ச ஒடனே வெளங்குது."